பின்அட்டைக் கணக்கு

வெள்ளை கூடிப்போச்சு என்றார் டாக்டர்.
குன்னூரில் யாருக்குத்தான் கூடவில்லை,
சன்னலைத் திறந்தால் படுக்கைவரைக்கும் வருகிறதே
என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
நீங்கள்தான் சிரித்தீர்கள்,
சிரித்ததில் மூச்சு வாங்கி
சுவரைப் பிடித்துக்கொண்டு.

அப்போதே உங்களுக்குக் கால் வீங்கியிருந்தது.
புதுச் செருப்பு கடிக்கிறது என்றிருந்தோம்.
இருதயராஜ் என்று பேர் வைத்தவர்கள்
இருதயத்துக்கு மட்டும் சொல்லிவைத்தார்கள்,
சிறுநீரகத்தை மறந்துவிட்டார்கள்.

இருபத்தாறு வருஷம் கூட்டுறவு ஃபேக்டரியில்
பச்சை இலைக்கு எடை எழுதியவள் நான்.
ஈரத்துக்கு இவ்வளவு கழிவு,
முற்றின இலைக்கு இவ்வளவு.
இப்போதும் எழுதுகிறேன்.
என் பக்கத்தில் வெள்ளணு, தட்டணு.
உங்கள் பக்கத்தில் கிரியாட்டினின்,
காலை எடை, மாலை எடை.
ஒரு லட்சத்து எண்பதாயிரமாக இருந்தது
ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிய அன்று
பழக்கதோஷத்தில் கை
அதிலும் கழிவு போடப் பார்த்தது.

இரவு எட்டரைக்கு என் மாத்திரை.
சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு.
உங்களுக்கோ நாள் முழுக்க முக்கால் லிட்டர்,
ரசமும் அதில் சேர்த்தி, காப்பியும் சேர்த்தி.
முதல் மாதம் அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்று
களவாணி மாதிரி குடித்தேன்.
தொண்டையில் இறங்குகிற சத்தம்
அடுத்த அறைக்குக் கேட்குமோ என்றிருந்தது.
கேட்டிருக்கிறது.
ஒருநாள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள்.
"இங்க வந்து குடி, தவமணி. மெதுவா.
நான் பார்க்கணும்."
அன்றிலிருந்து நான் குடிக்கிறேன்,
உங்கள் தொண்டை ஏறி இறங்குகிறது.

செவ்வாயும் வெள்ளியும் மேட்டுப்பாளையம்.
ஐப்பசி அடைமழையில் ஒரு வெள்ளி
பர்லியாருக்குக் கீழே மண் சரிந்து
பஸ் நின்றது. நீங்கள் நெஞ்சைப் பிடித்தபடி
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றீர்கள்.
யார் போய்ச் சொன்னதோ,
பழக்கடை அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நீட்டினாள்.
கண்டக்டரும் மூன்று பையன்களும்
முழங்கால் சேற்றில் உங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.
சப்பரம் மாதிரி ஆடி ஆடிப் போனீர்கள்.
பின்னால் குடை பிடித்து வந்த எனக்கு
அழுகையா சிரிப்பா தெரியவில்லை.
அந்தப் பக்கம், மேலே வர நின்ற கோழி வண்டி
நமக்காகத் திரும்பியது.
கீழே மெஷினை யாருக்கும் கொடுக்காமல்
நர்ஸ் ஷைனி வாசலில் நின்றாள்,
மத்தியானச் சோறு தின்னாமல்.

ஃபைலின் பின்அட்டையில் எழுதிவைத்தேன்.
கண்டக்டர் ஜோகி. ஷைனி.
கோழி வண்டி, பேர் கேட்கவில்லை.
நாற்காலி, திருப்பித் தரணும்.
தந்தபோது ஒரு கால் விரிசல் விட்டிருந்தது.
காசு வாங்க மறுத்து
ஒரு சீப்பு மலைப்பழம் வேறு கொடுத்தாள்.
உங்களுக்கு அது ஆகாது. நான் தின்றேன், பஸ்ஸிலேயே,
ஆறும்.

சோதனைக்கும் நன்றி சொல்லப் பழகு என்கிறாள்
உங்கள் தங்கை, ஞாயிறு பூசை முடிந்து.
நோய்க்கு நன்றி சொல்லுமளவு
நான் நல்லவள் இல்லை.
அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.
கெண்டைக்கால் இழுத்து நான் அலறும் ராத்திரிகளில்
யார் யாரையோ திட்டுகிறேன்,
உங்கள் தங்கையையும் சேர்த்து.
நீங்கள் வலது கையால் மட்டும் நீவிவிடுகிறீர்கள்.

இடது கைக்குப் பாரம் கூடாது.
நரம்பை நரம்போடு தைத்த இடத்தில்
ரத்தம் இரைந்துகொண்டே இருக்கணும்,
நின்றால் உடனே ஓடிவரணும் என்றிருக்கிறாள் ஷைனி.
விளக்கணைத்ததும் அங்கே காதை வைக்கிறேன்.
தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி.

நேற்று வெளியே ஏதோ மடக் மடக்கென்று ஒடிந்தது.
காட்டெருமை. நம் பீன்ஸ் பந்தலில்.
"எந்திரிச்சு டார்ச் அடிக்கட்டுமா?" என்றீர்கள்.

சும்மா இருங்க,
அது தின்னட்டும்.
நீங்க பேசினா எனக்குக் கேட்கலை.