ஒருத்திக்கு அளந்தது

வண்டி வந்து இருபத்திமூன்று நாள்.
முதல் தவணைகூட இன்னும் கட்டவில்லை,
அதற்குள் கொட்டகைத் தகரத்தை முட்டிக் கிழித்துவிட்டது.
விற்றவன் குதிரைச் சக்தி சொன்னான், டயர் அகலம் சொன்னான்,
கூண்டின் உயரத்தை மட்டும்
சிரித்துக்கொண்டே விழுங்கிவிட்டான்.
இப்போது லிச்சி மரத்தடியில் உறங்குகிறது.
காலையில் கண்ணாடியெல்லாம் வௌவால் எச்சம்.

டொங்காட் மேட்டில் கொஞ்சம் அவரை, கொஞ்சம் கத்தரி,
சரிவு முழுக்க மடும்பிக் கிழங்கு.
இதற்குக் கூண்டு வைத்த டிராக்டரா என்று
கேட்காதவர்கள் பாக்கியில்லை.

அதன் குணங்களை எழுதி வை என்றான் தம்பி கிஸ்தன்,
முதல் சர்வீசில் காட்டலாமாம்.
எழுதுகிறேன்.

இடது கதவு மூட வேண்டுமானால்
வலது ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்க வேண்டும்,
உள்ளே அடைபட்ட காற்று வெளியேற.
இல்லையென்றால் கோபித்துக்கொண்டு போனவள் மாதிரி
கதவு வாசல்வரை போய்த் திரும்பி வரும்.
ஏசி என் வலது முழங்காலில் சொட்டும். இடதில் சொட்டாது.
கோப்பைக் குழியில் ஃபிளாஸ்க் நுழையாது,
ஒரே ஒரு மாங்காய் கச்சிதமாக உட்காரும்.

எழுந்தால் அணைந்துவிடும்.
பின்னால் கலப்பை எப்படி வருகிறதென்று பார்க்க
அரை அங்குலம் எம்பினால் போதும்,
ஆள் விழுந்துவிட்டாள் என்று முடிவுகட்டி
மூச்சை நிறுத்திக்கொள்ளும்.
இந்த ஐம்பத்தெட்டு வயசில்
என் மேல் இவ்வளவு அக்கறை யாரும் காட்டியதில்லை.
எரிச்சலாக இருக்கிறது.
அந்த ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்றான் கிஸ்தன்.
அவன் வலது கையில் மூன்றரை விரல். வேண்டாம் என்றேன்.

ஹடீடாப் பறவைகள் சாலில் இறங்கிப் புழு பொறுக்குகின்றன.
வாய் திறக்கிறது, சத்தம் இல்லை.
விடியுமுன் தெருவையே எழுப்பும் தொண்டை
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் மீன்வாய்.
குறையாகச் சொல்லவில்லை.
பழைய வண்டியில் சாயங்காலம் காறினால் கறுப்பாக வரும்.
இப்போது வருவதில்லை.

கூட நடந்துவரும் குகுலெத்து
கையைத் தலைக்கு மேல் தூக்கி மெல்லச் சாய்ப்பாள்.
அழகாகப் போகிறது என்கிறாள் போல,
நானும் கட்டைவிரல் காட்டிக்கொண்டே போவேன்.
மூன்று வாரமும் இப்படித்தான்.

நேற்று கடல் பக்கமிருந்து மழை.
வைப்பர் ஆடுகிறது, ரேடியோ பாடுகிறது,
காலர்கூட நனையாமல் நான்.
உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
கரும்போரம் அவள்.
கதவைத் திறந்து, ஏறு என்றேன்.
எட்டிப் பார்த்தாள். "எங்கே?"
நியாயம்தான்.
படியில் ஒரு கால், வெளியில் ஒரு கால்,
முழங்கையை மட்டும் உள்ளே நீட்டி நின்றாள்.
கதவு மூடவில்லை. இரண்டு பேரும் நனைந்தோம்.

இன்றைக்கு அவளை உட்காரவைத்தேன்.
இருக்கையை முன்னே இழுத்தாள்,
ரேடியோவை ஜூலு நிலையத்துக்குத் திருப்பினாள்,
நான் சொல்லாமலே
வலது ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கினாள்.
கதவு சொன்ன பேச்சைக் கேட்டது.

நான் வரப்போரம் நடந்தேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது என் உழவு.
மேடு தாண்டியதும் ஒவ்வொரு சாலும்
யாரோ கூப்பிட்டதுபோல் கடல் பக்கம் சாய்ந்து சாய்ந்து,
கடைசியில் பக்கத்துக் கரும்புக்காரனுக்கு
ஒரு முழம் உழுது கொடுத்திருக்கிறேன், இனாமாக.

கையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.
சாய்த்தேன்.
"குகு! இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!"

கண்ணாடிக்குள் அவள் திரும்பிப் பார்த்தாள்.
பல் தெரியச் சிரித்தாள்.
கட்டைவிரலை உயர்த்தினாள்.