கணுக்கால் அளவு

வவுனியாவிலிருந்து வந்தவர்
ஒரு பெட்டி நிறையக் கறுப்புத் துணி கொண்டுவந்தார்.
தலைமைத்துவப் பயிற்சி,
உயர்தர வகுப்புகள் இரண்டுக்கும்.
தேத்தண்ணியும் பணிசும் உண்டு என்று
அதிபர் காலைப் பிரார்த்தனையிலேயே சொல்லிவிட்டார்.

முதல் கேள்வி சுலபம் என்றார் வந்தவர்.
"தலைவர் என்றவுடன்
உங்கள் மனதில் வருவது யார்?"

ஒட்டுசுட்டானில் அது சுலபமான கேள்வி இல்லை.
மின்விசிறி ஒருதரம் முழுதாய்ச் சுற்றி
டக்கென்றது. இன்னொருதரம்.
மேசையில் யாரோ எப்போதோ கீறிய பெயரைக்
கபில்ராஜ் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.
நாங்கள் பிறந்த வருடம் அப்படி.
சில சொற்களை எங்கள் வீடுகளில்
ரேடியோவைக் கூட்டிவிட்டுத்தான் சொல்வார்கள்.

"கிரிக்கெட் கப்டன், சேர்" என்றாள் டினோசியா.
தேவைக்கு மேலே சிரித்தோம்.
அவர் அதைப் பலகையில் எழுதினார்.

பிறகு மைதானம்.
ஆறு பேருக்குக் கண்கட்டு,
முன்னால் நிற்பவரின் தோளில் கை.
ஏழாவது ஆள் தொடக்கூடாது,
குரலால் மட்டும் கூட்டிப்போக வேண்டும்,
கோல் கம்பத்திலிருந்து பாலை மரத்தைச் சுற்றித்
தண்ணித்தாங்கி வரைக்கும்.

முதலில் லக்சிகன்.
சிரேஷ்ட மாணவ முதல்வன், நெஞ்சில் சின்னம்.
"நேரா! நேரா! இப்ப வலம்!
சொல்லுறதை மட்டும் கேளுங்கோ!"
கேட்டோம். ஓடினோம்.
இரண்டு நிமிடம் பத்து விநாடி.
சங்கவியின் முழங்காலில் தோல் போயிருந்தது,
அவளும் கைதட்டினாள்.

பிறகு வேணுஜா.
ஒரு சொல்லும் வரவில்லை.
"கதையன்டி" என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.
"பொறுங்கோ."
அவளுடைய சப்பாத்து கிரவலில் தள்ளிப்போவது கேட்டது.
திரும்பி வருவது கேட்டது.
"முன்னுக்கு ஒரு வேர் கிடக்கு.
இங்க நிண்டு பாக்க உயரம் தெரியேல்ல.
இப்ப மிதிச்சுப் பாத்தனான்.
கணுக்கால் அளவு."

காலைத் தூக்கினேன், கணுக்கால் அளவுக்கு.
சரியாக அவ்வளவுதான் இருந்தது.

எங்கள் காணிக்குத் திரும்பிய நாளில்
எனக்கு ஐந்து வயது.
சிவப்புத் தடிகளுக்கு நடுவே
அம்மா கால் எடுத்த இடத்தில் நான் கால் வைத்தேன்.
விளையாட்டு என்று நினைத்து
ஒரு அடி தவறாமல் வென்றேன்.
இவ்வளவு காலமும் என் பாதம்
அதை எங்கே வைத்திருந்ததோ.

ஒன்பது நிமிடம். கடைசி அணி.
"முடிவெடுப்பதில் தயக்கம்" என்று எழுதிக்கொண்டு
ஏன் சுணங்கினாய் என்று கேட்டார்.
"பயமா இருந்தது, சேர்.
விழப்போறது நான் இல்லைத்தானே."
அவர் பேனையை மூடினார். திரும்பத் திறக்கவில்லை.

இதோடு முடித்திருந்தால் வேணுஜாவின் கதை.
ஆனால் பின்னேரம்
கோப்பை கழுவ நின்ற நாலுபேர் பிந்திவிட்டோம்.
முத்தையன்கட்டுப் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.
அதை விட்டால் நடை.
இருட்டினால் அது யானைகளின் வீதி.
லக்சிகன் சைக்கிளைக் குறுக்கே போட்டு
"எடுக்காதேங்கோ! ஆக்கள் வருகினம்!" என்று கத்தினான்.
சாரதி தூசணத்தால் ஏசினார். அவன் அசையவில்லை.
காலையில் சங்கவியை விழுத்திய அதே சத்தம்.
அவனுக்கு அந்தப் பஸ்ஸே வேண்டாம்,
வீடு சந்திக்குப் பின்னால்.

படிவத்தை மடியில் வைத்து
குழிகளுக்கு இடையில் எழுதினேன்.
நல்ல தலைவரின் பண்புகள் மூன்று தருக.
ஒன்று: தெரியாது என்று சொல்லிவிட்டு
தானே போய் மிதித்துப் பார்ப்பது.
இரண்டு: தான் ஏறாத பஸ்ஸை மறிப்பது.

மூன்றாவது கோட்டில்
பேனை தொட்ட ஒரு புள்ளி மட்டும்.

அடுத்தநாள் அதிபர் கேட்டார்.
நேரம் போதவில்லை, சேர், என்றேன்.

நேரம் இருந்தது.