வீட்டில் எத்தனை பேர்

பில்லை எப்படித் திருப்பிப் பிடித்தாலும்
அந்த வரி அங்கேயே இருக்கிறது:
மோடம் வாடகை, பதினான்கு டாலர்.
பதினோரு வருடம்.
ஓட்ஸ் டப்பாவின் முதுகில் பெருக்கிப் பார்த்தேன்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு.
டுலூத்தின் இந்தச் சரிவுக்கு
நல்ல பனியள்ளும் இயந்திரமே வாங்கியிருக்கலாம்.

நவம்பர். ஏரிக்காற்று
கடைக்குள்ளும் என் பின்னால் வந்தது.
சட்டையில் டெவின் என்று எழுதியிருந்த பையன் கேட்டான்:
எத்தனை மாடி?
இரண்டு. கீழே ஒரு நிலவறை.
சுவர்?
1926-இல் பூசியது. சாந்துக்குப் பின்னால் கம்பி வலை,
ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த மருத்துவர் போல
உதட்டைப் பிதுக்கினான்.
வீட்டில் எத்தனை பேர்?

அதற்குத்தான் நின்றுவிட்டேன்.

ப்ரிட்டா ஃபார்கோவில்.
நாய் போன வசந்தத்தில் செத்துவிட்டது.
அர்னி தாதுக் கப்பலில்:
மார்ச்சில் பனிக்கட்டி உடைந்ததும் ஏறுவான்,
ஜனவரியில் கப்பலைக் கட்டிப்போட்டதும் இறங்குவான்.
ஒன்றேகால் என்றேன்.
டெவின் இரண்டு என்று தட்டிக்கொண்டான்.

ஒன்றைக் காட்டினான், எட்டு ஆன்டெனா,
மல்லாந்து விழுந்த நண்டு.
பெட்டி மேல் ஐந்தாயிரத்து நானூறு என்று அச்சு.
என் வீட்டுக்குள் வரும் வேகமோ முந்நூறு.
சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்,
அகப்பையை மட்டும் ஏன் இத்தனை பெரிதாய் வார்க்கிறார்கள்?
மோடமும் ரவுட்டரும் ஒட்டிப் பிறந்த ஒன்றையும் காட்டினான்.
ஒன்று பழுதானால்?
மற்றதும் போச்சு.
தனித்தனியாகவே கொடு என்றேன்.
கப்பல்காரனைக் கட்டியவளுக்கு
அந்த ஏற்பாடு பழக்கம்.

புது மோடத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி
கம்பெனியைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு ஒரு பெண்:
கணக்கு திரு. ஹாக்லண்ட் பெயரில் இருக்கிறது,
அவரிடம் பேசலாமா?
அவர் ஏரி நடுவில் இருக்கிறார் என்றேன்.
கொஞ்சம் அமைதி.
மன்னியுங்கள், என்றாள், துக்கத்தோடு.
ஐயோ, உயிரோடுதான் இருக்கிறார்!
இருவரும் சிரித்த சிரிப்பில்
பன்னிரண்டு எழுத்து எண்ணை
மூன்று தடவை தப்பாகப் படித்தேன்.

கப்பலின் அடித்தட்டில் போன் வெறும் கடிகாரம்
என்பான் அர்னி. நாலு பக்கமும் எஃகு.
எனக்கு நாலு பக்கமும் கம்பி வலை.
அவன் மேல்தட்டுக்கு ஏறி வர,
நான் படிக்கட்டு திரும்பும் இடத்தில் போய் நிற்க,
அங்கேதான் எங்களுக்குப் பேச்சு.
அதனால் ரவுட்டரையும் அங்கேயே வைத்தேன்,
குடைகளுக்குப் பக்கத்தில்.
அழகாக இல்லை.

கடைசியில் திரை கேட்டது:
நெட்வொர்க்கின் பெயர்? கடவுச்சொல்?
என்ன வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.
பழைய பெட்டியைக் கவிழ்த்தேன்.
பெயின்ட் டேப்பில் அர்னியின் எழுத்து,
ஏழின் இடுப்பில் குறுக்குக்கோடு.
பார்த்துப் பார்த்து அதையே அடித்தேன்,
அதே பெயர், அதே கடவுச்சொல், அதே ஏழு.

ஒன்றும் என்னைக் கேட்கவில்லை.
பிரிண்டர் தானாக வந்து சேர்ந்தது.
வெப்பமானி சேர்ந்தது.
இழுப்பறைக்குள் ப்ரிட்டா விட்டுப்போன டேப்லெட்
எப்போது சார்ஜ் போட்டேனோ,
அதுவும் டிங் என்றது.

பழைய பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள்.
டேப்பை உரித்து வைத்துக்கொண்டேன்.
அதற்கு வாடகை கட்டவில்லை நான்.

ஜனவரியில் ஓர் இரவு வருவான்.
பூட்ஸ் நாடாவை அவிழ்க்கக் குனிவதற்குள்
பையிலிருக்கும் போன் வீட்டைக் கண்டுபிடித்திருக்கும்,
பெட்டி மாறியது தெரியாமலே.
சொல்ல வேண்டும்.
அந்தப் பதினான்கு டாலரைப் பற்றியாவது.