நானூற்றுப் பதினேழு

ஓசூர் சிப்காட்டில்
பிஸ்கட் ஆலைக்குப் பின்னால் எங்கள் ஆய்வகம்.
காற்று திரும்பும் நாட்களில்
ரத்தத்தைச் சுழற்றும்போதும் வெண்ணெய் மணக்கும்.

இன்று ரத்தம் கொடுத்தவர் முனிவெங்கடப்பா,
வாசல் காவலர்.
பத்து நாளாக ஆஸ்பிரின் தொடவில்லை என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
"இது உறையறதுக்கா, உறையாம இருக்கறதுக்கா?"
ரெண்டுக்கும்தான் என்றேன்.
டீயும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்தோம்.

மஞ்சள் கலங்கலாய் நிற்கிறது பிளாஸ்மா.
தட்டணுக்கள் தனித்தனியே மிதக்கும்வரை
வெளிச்சம் சரியாகப் புகாது.
ஒரு துளி ஏடிபி விட்டால்
சந்தை கலைந்த கூட்டம்
ஒரே டெம்போவில் ஏறுகிற மாதிரி
ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.
கலங்கல் தெளியும். திரையில் கோடு ஏறும்.
அந்தத் துளியின் சொல் காதில் விழாமல்
ஒவ்வொரு அணுவின் தோலிலும்
போய் அடைத்துக்கொள்ள வேண்டும் எங்கள் பொடி.

நானூற்றுப் பதினேழாவது பொடி.
கோடு எழவே இல்லை.
நுரை பொங்காத நாளின் கெலவரப்பள்ளி அணை மாதிரி
அப்படியே கிடந்தது.
ரேஷ்மா தாஜ் கைதட்டினாள்.
வேறெந்தக் கட்டடத்திலும்
நேர்கோட்டைப் பார்த்து யாரும் கைதட்ட மாட்டார்கள்.

மூன்று மணிக்கு எலிக்கூடத்திலிருந்து தாள் வந்தது.
வால்நுனி கீறிய ஆறில் நான்குக்கு
அரைமணி தாண்டியும் ரத்தம் நிற்கவில்லை.
ரேஷ்மா தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

இரவு மாம்பழம் நறுக்குகையில்
திம்மராஜ் விரலை வெட்டிக்கொண்டான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
"பஞ்சு எடுக்காம என்னடி பாக்கற?"
மூன்று நிமிடம் இருபது விநாடி.
நின்றுவிட்டது.

போன ஆவணியில் அவன் அண்ணன்
சூளகிரி தாண்டி ஸ்டியரிங் மேல் சாய்ந்தபோது
இதயக் குழாயை அடைத்தவையும் இவைதான்.
உள்ளே ஏதோ ஒரு விரிசல்.
காயம் என்று நினைத்து
ஓடியிருக்கும், பாவம்,
இதே அவசரத்தில்.

இதை அவனிடம் சொல்லவில்லை.
மாம்பழத்தில் ரத்தம் படாத பக்கத்தைத் தின்றோம்.

நானூற்றுப் பதினெட்டு
கொஞ்சம் தளர்வாய்ப் பிடிக்க வேண்டும்,
எழுந்து போகத் தெரிந்த விருந்தாளியாய்.
எந்தக் கரிமத்தை எடுப்பது,
எதை விடுவது என்று
பஸ்ஸில் வரும்போதே டிக்கெட்டின் பின்னால் கிறுக்கினேன்.

காலையில் முனிவெங்கடப்பா
முழங்கை மடிப்பைக் காட்டினார்.
ஊசி ஏறிய இடத்தில் கடுகளவு கறுப்பு.
"நேத்தே மூடிக்கிச்சும்மா" என்றார்,
கேட்டைத் திறந்துகொண்டே.