கூட ஒன்று

ப்ளஸ் ஒன் என்றால் நமக்குப் பதினோராம் வகுப்பு.
அயர்லாந்தில், கார்க் நகரத்தில்,
பல் மருத்துவரிடம் உதவியாளாய் இருக்கும் டெர்வ்லாவுக்கு
போன வருடம் முழுக்க அதுதான் பெயர்.

திருமண உறையின்மேல் எவனோ ஒருவன் பெயர்,
சாய்ந்த எழுத்தில், தங்க மையில்.
பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, ஓர் ஒன்று.
அந்த ஒன்று அவள்.
ஏப்ரலில் ஒரு ரக்பிக்காரனுக்கு,
ஜூலையில் கூட வேலை பார்ப்பவனுக்கு
(அவனுக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை
என்பது அவன் அத்தைமாருக்குத் தெரியாது),
ஆகஸ்டிலிருந்து ஃபின்டனுக்கு.
மேசை அட்டையில் "ஃபின்டனின் விருந்தாளி".
கோழியா மீனா என்று அவனிடம்தான் கேட்டார்கள்.
இரண்டும் மீன் என்றான்.
அவளுக்கு மீன் ஆகாது.

ஒரே சொல்தான்,
போகிற இடமெல்லாம் சட்டை மாற்றிக்கொள்ளும்.
இரவு விடுதி வாசலில் காவலாள்
பட்டியல்மேல் டார்ச் அடித்து ப்ளஸ் ஒன் என்று முனகினால்
பன்னிரண்டு யூரோ மிச்சம்.
"மழை பெய்தால் நான் வரமாட்டேன்" என்று
தோழிகள் குழுவில் ஒருத்தி எழுத,
அடியில் வரிசையாக ப்ளஸ் ஒன் விழுந்தால்
நானும், நானும், நானும்.

இன்னொரு பொருளை அவள் கேள்விப்பட்டதில்லை.

அக்டோபர் கடைசி. கிளொனகில்ட்டி பக்கம் கடலோர ஓட்டல்.
பெண்கள் கழிவறையில்
பச்சை கவுன் போட்ட ஒருத்தி, செருப்பு கையில்,
கண்மை கன்னம்வரை இறங்கியிருக்க,
கை துடைக்கும் காகிதத்தை முழம் முழமாக இழுத்தபடி
"இன்னும் யாரிடமும் சொல்லவில்லை,
நான் ப்ளஸ் ஒன்" என்றாள்.

இதற்கா இந்த அழுகை என்று நினைத்தாலும்
"நானும்தான்" என்றாள் டெர்வ்லா.

ஈருயிர்க்காரி என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு.
அது அங்கே இருந்திருந்தால்
விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்காது.

"எத்தனை வாரம்?"
ஃபின்டனோடு பழகிய நாளை எண்ணிப் பார்த்து
"பதினொன்று" என்றாள்.
"எனக்கும்!"
ஓடிவந்து கட்டிக்கொண்டவளின் கை
தன் வயிற்றில் வந்து உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

அப்போதே சொல்லியிருக்கலாம்.
ஆனால் கை சூடாக இருந்தது.
அந்த வருடம் யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை,
எத்தனை வாரம் என்றுகூட.

திரும்பி வந்து ஒயினைத் தூக்கினால்
மூன்று மேசை தள்ளி பச்சை கவுன்
மெல்லத் தலையை ஆட்டியது.
வைத்துவிட்டாள்.
இரவு முழுக்க ஆப்பிள் சாறு.
"உடம்பு சரியில்லையா?" என்றான் ஃபின்டன்,
வியப்பாக.
நவம்பரில் அவனும் போய்விட்டான்.

செய்திகள் வந்தபடி இருந்தன. அவள் பெயர் ப்ளாநிட்.
இன்று எலுமிச்சை அளவாம்.
இன்று மாங்காய் அளவாம்.
உனக்கும் இரவில் காலில் குரக்களி இழுக்கிறதா?
டெர்வ்லா ஒவ்வொன்றுக்கும் ஓர் இதயம் அனுப்பினாள்.
கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் உண்மையை முழுசாகத் தட்டி
முழுசாக அழித்தாள்.
மார்ச்சில் பதில் போடுவதையே விட்டாள்.
மே மாதம் ஒரு படம் வந்தது,
துவைத்த துணிபோல் கசங்கிய முகம், மூடிய முஷ்டி.

ஜூனில் உறை.
உறையின்மேல் அவள் பெயர்,
டெர்வ்லா ஹூலிஹன், ஓர் எழுத்தும் பிசகாமல்.
குழந்தைக்கு ஞானஸ்நானம்.
பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால்
ஒரு கூட்டல் குறி, ஓர் ஒன்று,
கீழே விரல் நீளத்தில் வரைந்த காலுறை.

பதில் அட்டையைப் பல் நாற்காலியில் சாய்ந்து நிரப்பினாள்,
மதிய இடைவேளையில், விளக்கை முகத்துக்கு நேரே இழுத்துக்கொண்டு.
வருவோர் எண்ணிக்கை: ஒன்று.
உணவு: கோழி.
வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் என்ற இடத்தில்
"நேரில் சொல்கிறேன்" என்று எழுதி
அடித்து
மறுபடி எழுதினாள்.