நகராத புள்ளி

முறிகண்டியில் பஸ்கள் நிற்கும்,
தேங்காய் உடைத்த பிறகுதான் கண்டி வீதி அவற்றுக்குத் திறக்கும்.
ஆயிரத்து ஐந்நூறு அடியில் எனக்கு நிற்க வழியில்லை.
ரேடியோவில் பெயரைச் சொல்லிவிட்டுக் கடக்கிறேன்:
முறிகண்டி, கிழக்கு நோக்கி, இரணைமடு அளவை.
கேட்கிறவர் கேட்கட்டும்.
பிள்ளையாருக்கும் கேட்டிருக்கும்.

பக்கத்து இருக்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்து
என்ஜினியர் நிமலேந்திரன். மடியில் வரைபடம்.
வெள்ளம் எந்தக் குளக்கட்டை எங்கே தின்றது என்று
பென்சிலால் குறிக்கிறார்.
பலாலியில் ஏறியதிலிருந்து அவருக்கு வானமே கிடையாது.

கண்ணை ஓடவிட்டால் கண் ஒன்றையும் காணாது.
நிறுத்த வேண்டும்.
ஒரு துண்டு வானம், ஒரு மூச்சு, அடுத்த துண்டு.
வெறும் நீலத்தில் பார்வை சோம்பிப்போய்
கண்ணாடியில் செத்து ஒட்டிய பூச்சியோடு தங்கிவிடும்;
அதை எழுப்பி
நந்திக்கடலின் விளிம்புவரை அனுப்பிக் கூப்பிடுகிறேன்.
விரல் மொத்தத் தூண் ஒரு விமானத்தையே மறைக்கும் என்பதால்
கழுத்தை நீட்டுகிறேன், சரிக்கிறேன்,
மழையில் நனைந்த கோழி மாதிரி.

வவுனியாவிலிருந்து ஒரு பயிற்சி விமானம். இளம் குரல்:
முத்தையன்கட்டுக்கு மேலே, வடக்கு நோக்கி,
ஆயிரத்து ஐந்நூறு.
என் தலைக்குள்ளும் ஒரு வானம் இருக்கிறது.
அவனை அதில் முத்தையன்கட்டில் நட்டேன்.
தூரம் போதும்.

பிறகு அவன் சொன்னான்:
இடப்பக்கம் ரயில்பாதை தெரிகிறது.

முத்தையன்கட்டில் ஏது ரயில்?

மாரி முடிந்த வன்னியில்
எல்லாக் குளமும் ஒரு குளம்தான்.
புதிதாய் வருகிறவன் கையிலிருந்து பெயர்கள் வழுகிவிடும்.
நட்ட இடத்திலிருந்து அவனைப் பிடுங்கினேன்.
இனி எங்கே நடுவது?

நிமலேந்திரனின் தோளுக்கு அப்பால்
கண்ணாடியில் ஒரு புள்ளி.
முகில் நகர்ந்தது, பருந்து நகர்ந்தது,
கீழே பாலைமரங்கள் பின்னால் போயின.
புள்ளி மட்டும் அதே இடத்தில்.

நகர்வது விலகிப் போகும்.
நகராதது உன்னிடம் வருகிறது.
பறக்கும் பள்ளியில் இதைச் சொன்ன அன்று
நான் கொப்பியில் எழுதவில்லை.
விசுவமடுவில், பதினொரு வயதில், பங்கர் வாசலில்
வண்டு இரைந்து சுற்றி ஓய்ந்த பிறகு
கிபிர் வரும்.
பக்கவாட்டில் ஓடினால் அது வேறு யாருக்கோ.
ஓடாமல் பெருத்தால் எங்களுக்கு.
வேறு யாருக்கோ என்று தெரிந்து
நான் விட்ட மூச்சுகள் இருக்கின்றன.
அவற்றை எங்கே வைப்பதென்று இன்றுவரை தெரியவில்லை.

வலப்பக்கத்தால் வருகிறவனுக்கு வழி விடு.
சரித்தேன்.
இரணைமடு முழுவதும் நிமலேந்திரனின் ஜன்னலில் எழுந்து நின்றது.
புள்ளிக்குச் சிறகு வந்தது, சக்கரம் வந்தது,
மூக்குக்கு முன்னால் இடப்பக்கம் கடந்தது.
உள்ளே ஒரு தலை, குனிந்தபடி.
வரைபடத்தில் முத்தையன்கட்டைத் தேடியிருப்பான்.

"உனக்குக் கீழே இருப்பது இரணைமடு" என்றேன்.
அங்கே இரைச்சல் மட்டும்.
பிறகு, விதிப்படியான சொற்களெல்லாம் மறந்து,
"ஸ்தூதி" என்றான்.

"ஏன் திருப்பினீங்கள்?
மூண்டாவது மதகு விட்டுப்போச்சு."
பென்சில் இன்னும் வரைபடத்தில் இருந்தது.

"வண்டு ஒண்டு" என்றேன்.

என்ன என்று அவர் கேட்கவில்லை.
எந்த ஊர் என்று நானும் கேட்கவில்லை.
சட்டைக் கையால் தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்ததற்கு மேலும் துடைத்தார்.

மூன்றாவது மதகுக்குத் திரும்பி வந்தபோது
அவர் குனியவேயில்லை.
அது உடையவில்லை என்று
நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.