குதிரையின் பெயர் கேப்டன்

மேல்மாடி, மூன்றாம் அறை. ஐம்பது லக்ஸ் வெளிச்சம்.
ஒரு துளி கூடினாலும் லண்டனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.
காலையில் கருவியைப் பிடித்து எண்ணைப் பார்த்து
நோட்டில் எழுதுவேன்: ஈரப்பதம், சூடு, கையெழுத்து.
வெளியே கப்பன் பார்க்கில் ஜூலை மழை.
உள்ளே படங்களுக்காக ஓர் இயந்திரம் காற்றைப் பிழிந்து
வாளியில் தண்ணீர் எடுக்கிறது.
வாளியைக் கொட்டுவதும் நான்தான்.

ஆம்ப்ரோஸ் கெல் என்பவர் எடுத்த படங்கள்.
விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துக் கிராமங்கள்.
காகிதத்தில் முட்டை வெள்ளைக்கரு பூசி
அதன்மேல் வெளிச்சத்தை ஒட்டவைத்தாராம்.
மஞ்சள் கருவை யார் தின்றார்கள்?
பலகையில் அது இல்லை.

முதல் நாள் நம்பவே முடியவில்லை.
வெள்ளைக்காரர்கள்தான். ஆனால்
கிழிந்த பாவாடை, வீங்கிய விரல்முட்டி,
சேற்றில் குனிந்து டர்னிப் பிடுங்கும் பெண்கள்.
கன்டோன்மென்ட் துரைகளைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன்.
துரையிடம் கூலிக்கு நின்ற வெள்ளைத்தோலைப் பற்றி
அல்சூரில் யாரும் சொன்னதில்லை.

ஏசி பழுதுபார்க்க வந்த முனிரத்தினம்
ஏணியிலிருந்து இறங்கி ஒரு படத்தின் முன் நின்றார்.
"இவனுங்களுக்கும் மேஸ்திரி இருந்திருக்கான் பாரு."
ஓரத்தில் தடியூன்றிய தொப்பிக்காரன்.
ஆமாம். அவன் மட்டும்தான் கேமராவைப் பார்க்கவில்லை,
ஆட்களைப் பார்க்கிறான்.

பதினான்காம் படம்.
'கேப்டன், வேலைக் குதிரை.
மூன்று ஆட்கள், ஒரு சிறுமியுடன். 1861.'

ஆறு நொடி அசையாமல் நிற்க வேண்டிய காலம்.
குதிரை நின்றிருக்கிறது, வால் மட்டும் புகை.
மூன்று பேரும் மூச்சடக்கிக் கல்லாய்.
சிறுமிக்கு உடம்பு இருக்கிறது, அளவுக்கு மீறிய பூட்ஸ் இருக்கிறது.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
பால் சிந்தித் துடைத்த மாதிரி ஒன்று.

ஈ உட்கார்ந்திருக்கலாம். யாராவது கூப்பிட்டிருக்கலாம்.
வருகிறவர்கள் ஐயோ பாவம் என்கிறார்கள்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பேய் என்றான்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்
நின்ற இடத்தில் நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
அசைவது என்றால் என்னவென்று தெரியும்.

என் பெயர் சகாயமேரி.
சட்டையில் குத்தியிருப்பது நாகரத்னா.
வேலையை விட்டுப் போனவளின் பேட்ஜ்.
புதியது வர இரண்டு மாதமாகும் என்றது ஏஜென்சி.
ஏழு மாதமாகிறது.
"நாகரத்னம்மா, டாய்லெட் எல்லிதே?"
கை நீட்டுவேன். அந்தப் பெயருக்கு
இப்போதெல்லாம் கழுத்து தானே திரும்புகிறது.

கடைசி நாள். பூங்கொத்துகள், கோட்டுகள், குழுப் படம்.
செக்யூரிட்டியும் வரட்டும் என்று யாரோ சொல்ல
ஓரத்தில் நிறுத்தினார்கள், கேப்டன் பக்கத்தில்.
போட்டோ எடுக்கும் பையன் மூன்று வரை எண்ணினான்.
இரண்டில் நான் தலையை ஆட்டினேன்,
இடமும் வலமும், வேண்டுமென்றே,
கம்மல் கன்னத்தில் அடிக்கும் வரை.

போனில் காட்டினான்.
இமை மயிர்கூடத் தனித்தனியாக விழுந்திருக்கிறது.
ஒரு பக்கம் திரும்பிய முகம், பாதி திறந்த வாய்.
நெஞ்சில் நாகரத்னா,
எழுத்துக் கூட்டி வாசிக்கலாம்.

மறுநாள் பெட்டிகள் வந்தன.
"கேப்டனைப் பாத்துத் தூக்குடா" என்றான் ஒருவன்.
பஞ்சு, பலகை, திருகாணி.
மேலே சிவப்பில் எழுதியிருந்தது: ஆட்டாதே.

வாளியில் பாதித் தண்ணீர் மிச்சம். கொட்டிவிட்டு
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
கேட்டைத் தாண்டி முதல் குழியில்
லாரியின் சக்கரம் இறங்கி ஏறியது.
அப்போது அவள்
மறுபடியும் தலையைத் திருப்பியிருப்பாள்.